சட்டத்தை மாற்றலாமா?

1

ஊரில் ஏதாவது ஓர் அரசமரத்தடியைப் போய்ப் பாருங்கள். பிள்ளையார் மேடைக்குப் பின்னால், வேர் புடைத்திருக்கும் இடத்தில், நான்கைந்து சாமி படங்கள் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். ஒன்றில் லட்சுமி, ஒன்றில் வேல் பிடித்த முருகன், இன்னொன்றில் யாரென்றே தெரியாத அளவுக்கு மழை கரைத்த முகம். கிட்டே போய்ப் பார்த்தால் சிலவற்றில் படத்துக்கு ஒன்றுமே ஆகியிருக்காது. கண்ணாடி விரிசல் விட்டிருக்கும், அல்லது சட்டத்தின் மூலை பிரிந்திருக்கும். "உடைஞ்ச கண்ணாடி வீட்ல இருக்கக் கூடாது" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். குப்பையில் போட மனசு வரவில்லை. கடைக்கு எடுத்துப்போய்ச் சரிசெய்ய நேரம் வரவில்லை. கடைசியில் மரத்தடி.

சட்டம் போடுவது படத்தைக் காப்பாற்றத்தான். இங்கே சட்டம் உடைந்ததும் படமும் சேர்ந்து வீட்டைவிட்டுப் போய்விட்டது. பணமும் அக்கறையும் கொஞ்சம் கூடுதலாக உள்ள வீடுகளில் இதற்கு நேரெதிராக நடக்கும். படத்தை மட்டும் பத்திரமாக எடுத்துக்கொண்டு, பழைய தேக்குச் சட்டத்தைக் கடையிலேயே விட்டுவிட்டு, பளபளவென்று புதுசு போட்டு வருவார்கள். முதல் வீட்டில் சட்டமும் படமும் ஒரே பொருள். இரண்டாவது வீட்டில் சட்டம் வெறும் உறை. இரண்டில் எது சரி?

"சரி பண்ணணுமா, மாத்திடலாமா?" என்று பிரேம் கடைக்காரர் கேட்பது செலவுக் கணக்குக்காக. அந்தக் கேள்விக்குள் வேறு சில கேள்விகளும் இருக்கின்றன. ஒரு பொருள் எந்த இடத்தில் முடிகிறது? அதைச் செய்தவர், நடுவில் வைத்திருந்தவர், இன்று வைத்திருப்பவர், இவர்களில் யாருக்கு அதன்மேல் எவ்வளவு உரிமை? நம் மொழியில் மரச்சட்டத்துக்கும் விதிக்கும் ஒரே சொல் அமைந்துவிட்டது தற்செயலாக இருக்கலாம். ஆனாலும் 'சட்டத்தை மாற்றலாமா' என்று கேட்டவுடன் விஷயம் தச்சுவேலையைத் தாண்டிவிடுகிறது.

2

சட்டம் படத்துக்கு வெளியே இருப்பது என்பதுதான் பொதுவான எண்ணம். 1639-இல் பிரெஞ்சு ஓவியர் நிக்கோலா பூஸன், பாலைவனத்தில் இஸ்ரவேலர் மன்னா பொறுக்கும் காட்சியை வரைந்து ஷாந்தலூ என்ற நண்பருக்கு அனுப்பினார். கூடவே ஒரு வேண்டுகோள்: இதற்கு ஒரு சட்டம் போட்டுவிடுங்கள், அப்போதுதான் பார்ப்பவர் கண் சிதறாமல் படத்துக்குள்ளேயே நிற்கும். சட்டத்தின் பொன்பூச்சுகூட மினுங்காமல் மங்கலாக இருக்கட்டும் என்றார். அதாவது சட்டம் ஒரு நல்ல வாயிற்காவலர். தன்னை யாரும் பார்க்கக்கூடாது, தன் வழியாக உள்ளே பார்க்க வேண்டும்.

1790-இல் வெளிவந்த தன் நூலில் இம்மானுவேல் காண்ட் இதே எண்ணத்தைத் தத்துவமாக்கினார். ஒரு கலைப்படைப்போடு ஒட்டியிருந்தாலும் அதன் உள்ளுறுப்பாக இல்லாதவை உண்டு. சிலைக்கு உடுத்திய ஆடை, கட்டடத்தைச் சுற்றிய தூண்வரிசை போன்றவை. படச் சட்டமும் அந்த வகைதான். தன் வடிவத்தால் அது படத்துக்கு உதவலாம். தங்கமுலாம் பூசிக்கொண்டு 'என்னைப் பார்' என்று நின்றால் அது வெறும் பகட்டு, அழகுக்கே கேடு. 1978-இல் தெரிதா இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார். படத்தைப் பார்க்கும்போது சட்டம் சுவரோடு சேர்ந்துகொள்கிறது, சுவரைப் பார்க்கும்போது படத்தோடு சேர்ந்துகொள்கிறது, அது உள்ளேயா வெளியேயா என்று உங்களால் சொல்ல முடியாது என்றார்.

தெரிதாவைப் படிக்காமலேயே இதைப் புரிந்துகொள்ள லண்டன் நேஷனல் கேலரியில் ஒரு சின்னப் படம் இருக்கிறது. யான் வான் ஐக் வரைந்த, சிவப்புத் தலைப்பாகை கட்டிய ஒரு மனிதரின் முகம். அவர் வான் ஐக்கேதான் என்று பலரும் நம்புகிறார்கள். அதன் மூலச் சட்டம் இன்னும் இருக்கிறது. சட்டத்தின் மேல்பக்கத்தில் 'என்னால் இயன்றபடி' என்ற பொருளில் ஓவியரின் முத்திரை வாசகம். கீழ்ப்பக்கத்தில், யான் வான் ஐக் என்னைச் செய்தார் என்று படமே பேசுவதுபோல ஒரு வரியும், 1433 அக்டோபர் 21 என்ற தேதியும். செதுக்கியதுபோலத் தோன்றும்படி வண்ணத்தால் தீட்டிய எழுத்துகள். இன்னொன்று, அந்தச் சட்டத்தின் இரண்டு பக்கக் கட்டைகளும் நடுப்பலகையும் ஒரே மரத்துண்டு. படம் முடிந்து சட்டம் தொடங்கும் கோட்டைத் தேடினால் அங்கே மரத்தின் ரேகைதான் ஓடிக்கொண்டிருக்கும்.

அதே ஓவியர் அடுத்த ஆண்டு, 1434-இல் வரைந்ததுதான் புகழ்பெற்ற அர்னோல்ஃபினி இணையரின் படம். அதுவும் அதே கேலரியில் இருக்கிறது. அதன் சட்டம் இல்லை. 1700-இல் ஸ்பெயின் அரச மாளிகையில் எடுத்த பொருட்பட்டியல், அந்தச் சட்டத்தில் ரோமக் கவிஞர் ஓவிதின் வரிகள் எழுதப்பட்டிருந்ததாகச் சொல்கிறது. பிறகு எப்போதோ அது காணாமல் போனது. படத்தில் நடப்பது திருமணமா, நிச்சயதார்த்தமா, இறந்துபோன மனைவியின் நினைவா? 1934-இல் எர்வின் பனோஃப்ஸ்கி அதை ஒரு திருமணச் சாட்சியாக வாசித்து எழுதியதிலிருந்து விவாதம் ஓயவில்லை. சட்டத்தை யார் கழற்றினார்கள் என்று தெரியாது. கெட்ட எண்ணத்தில் செய்திருக்கவும் மாட்டார்கள். பழசாகிவிட்டது, நல்லதாக ஒன்று போடுவோம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

3

இப்படிச் சொன்னதும், அப்படியானால் எந்தச் சட்டத்தையும் தொடவே கூடாது என்று முடிவுகட்டத் தோன்றும். அதுவும் சரியில்லை. சட்டத்தின் வேலையை யோசித்துப் பாருங்கள். சுவரின் ஈரம் முதலில் அதைத்தான் தொடும். கரையான் முதலில் அதில்தான் ஏறும். ஆணி கழன்று விழுந்தால் தரையில் முதலில் மோதுவது அதன் மூலைதான். படம் அடிபடக்கூடாது என்பதற்காக அடிபடுவதற்கென்றே செய்யப்பட்டது அது. செல்லரித்த சட்டத்தைப் பழமையின் பெயரால் அப்படியே விட்டுவைத்தால், கரையான் அடுத்து பலகைக்குள் போகும். காவல்காரருக்குக் காட்டும் மரியாதையில் வீட்டைத் திருடனிடம் விடுவது போலத்தான்.

சட்டமும் சுவரும் அளவுக்கு மீறி அதிகாரம் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆம்ஸ்டர்டாமில் ஒரு பெரிய உதாரணம் உண்டு. ரெம்பிராண்ட் 1642-இல் முடித்த 'இரவுக் காவல்' ஓவியத்தை 1715-இல் நகர மண்டபத்துக்கு மாற்றினார்கள். வைக்க நினைத்த இடம் போதவில்லை. படத்தை நான்கு பக்கமும் வெட்டிவிட்டார்கள். இடப்பக்கத்தில்தான் இழப்பு அதிகம், அங்கே நின்ற இரண்டு ஆட்களே போய்விட்டார்கள். வெட்டிய துண்டுகள் கிடைக்கவில்லை. வெட்டுவதற்கு முன்பே கெரிட் லுண்டன்ஸ் என்ற ஓவியர் சிறிய அளவில் ஒரு நகல் எடுத்து வைத்திருந்தார். 2021-இல் ரெய்க்ஸ் அருங்காட்சியகம் கணினியின் உதவியோடு விடுபட்ட பகுதிகளை உருவாக்கிப் படத்தைச் சுற்றிச் சில மாதங்கள் வைத்துக் காட்டியபோது அந்த நகல்தான் வழிகாட்டியது. யாரோ ஒருவர் படியெடுத்து வைத்திருந்ததால் நமக்கு முழுப்படம் எப்படி இருந்தது என்றாவது தெரிகிறது. இந்தப் படியெடுத்தல் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

4

பழசு என்றாலே புனிதம் என்று நம் மரபு எப்போதும் நினைத்ததில்லை. கப்பலின் பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றினால் அது அதே கப்பலா என்று ஏதென்ஸ்காரர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். தெசியுஸ் கப்பல் புதிர் இன்றும் கல்லூரி வகுப்புகளில் ஓடுகிறது. கோயில்களில் அந்தப் புதிருக்கு நடைமுறையிலேயே ஒரு பதில் இருந்தது. சிலை பின்னமானால் அதைப் பூஜையிலிருந்து எடுத்துவிட்டு, புதியதைப் பிரதிஷ்டை செய்யலாம். ஜீர்ணோத்தாரணம் என்று அதற்கென்றே விதிகள் உண்டு. சாமி போய்விட்டதாக யாரும் அழவில்லை.

பூரி ஜெகந்நாதர் கோயிலில் இது இன்னும் தீவிரம். அங்கே மூலவர்களே வேப்பமரத்தால் ஆனவர்கள். அதிக ஆடி மாதம் வரும் ஆண்டுகளில் அவர்களுக்குப் புது உடல் செய்கிறார்கள். கடைசியாக 1996-இலும் 2015-இலும் நடந்தது. பழைய உடலின் உள்ளே இருக்கும் பொருளைக் கண்ணைக் கட்டிக்கொண்டு புதிய உடலுக்கு மாற்றுவார்கள். அதன் பிறகு நடப்பதுதான் நமக்கு முக்கியம். பழைய திருவுருவங்களைத் தூக்கி எறிவதில்லை. கோயில் வளாகத்துக்குள்ளேயே அடக்கம் செய்கிறார்கள். அந்தப் பணியைச் செய்யும் தைத்தாபதிகள், வீட்டில் ஒருவர் இறந்தால் எப்படியோ அப்படியே தீட்டுக் காக்கிறார்கள்.

மாற்றுவதற்கு அனுமதி உண்டு. ஆனால் மாற்றப்பட்டதற்கு ஒரு துக்கமும் உண்டு. பிரேம் கடையில் நாம் தவறவிடுவது இந்த இரண்டாவது பாதியைத்தான்.

5

அடுத்த சிக்கல், யார் போட்ட சட்டம்? 1870-களிலும் 80-களிலும் பிஸாரோ, தெகா போன்றவர்கள் தங்கள் படங்களுக்கு வெள்ளையிலும் வண்ணத்திலும் எளிய சட்டங்களைப் போட்டுக் காட்சிக்கு வைத்தார்கள். சட்டத்தின் நிறம் படத்தின் நிறத்தை மாற்றும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வாங்கியவர்களுக்கும் விற்றவர்களுக்கும் அது பிடிக்கவில்லை. மாளிகைச் சுவருக்கு ஏற்ற சுருள்சுருளான தங்கச் சட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். தன் படத்தை ஒரு நண்பர் வீட்டில் தங்கச் சட்டத்துக்குள் பார்த்த தெகா, அதைச் சுவரிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். வான் கோ 1887-இல் பழங்களை வரைந்து, சட்டத்துக்கும் தானே மஞ்சள் வண்ணம் பூசினார். அவர் வண்ணம் தீட்டிய சட்டத்தோடு இன்றும் ஆம்ஸ்டர்டாமில் இருப்பது அந்த ஒரு படம்தான்.

இப்போது யோசியுங்கள். ஓவியர் விரும்பிய வெள்ளைச் சட்டம் போய் நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதன் இடத்தில் இருக்கும் தங்கச் சட்டமும் நூறு வயதைத் தாண்டிய பழம்பொருள்தான். அதைக் கழற்றிவிட்டு, ஓவியர் விருப்பப்படி புதிதாக ஒரு வெள்ளைச் சட்டம் செய்து போடுவதா? அப்போது இருப்பதிலேயே புதியதுதான் மூலத்துக்கு நெருக்கமானது என்றாகிவிடும். இல்லை, படத்தின் காலத்தைச் சேர்ந்த வேறொரு பழைய சட்டத்தைத் தேடி வாங்கிப் போடுவதா? மோனாலிசா இன்று இருப்பது அப்படி ஒரு சட்டத்தில்தான். மறுமலர்ச்சிக் காலச் சட்டம், ஆனால் 1909-இல் ஒரு சீமாட்டி அன்பளிப்பாகக் கொடுத்தது. பழைய சட்டம் படத்தின் அளவுக்குச் சரியாக அமையாவிட்டால் அறுத்துப் பொருத்த வேண்டிவரும். ஒரு படத்தைப் பழமையாகக் காட்ட, இன்னொரு பழைய பொருளை வெட்ட வேண்டும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சங்கடம் புரியும். பர்மா தேக்குச் சட்டங்கள் படம் இல்லாமல் சுவரில் சாய்ந்திருக்கும். "இதுல முகம் பாக்குற கண்ணாடி போட்டா சூப்பரா இருக்கும் சார்" என்பார்கள். இருக்கும்தான். எந்த வீட்டில் எந்த முகத்தைச் சுற்றி அது இருந்தது என்பது மட்டும் போய்விட்டிருக்கும்.

6

நம் வீடுகளில் இருக்கும் படங்களை வைத்து யோசித்தால் கணக்கு இன்னும் புரள்கிறது. ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கியபின் அவருடைய சரஸ்வதியும் லட்சுமியும் ஆயிரக்கணக்கில் அச்சாகி வந்தார்கள். வாங்கியவர்கள் அப்படியே மாட்டிவிடவில்லை. சிலர் வீட்டில் சேலைக்கு ஜிகினா ஒட்டினார்கள், துணி வைத்துத் தைத்தார்கள், மணி கோர்த்தார்கள். பிறகு உள்ளூர்த் தச்சரிடம் கொடுத்துச் சட்டம் போட்டார்கள். இங்கே படம் ஆயிரத்தில் ஒன்று. சட்டம்தான் ஒன்றே ஒன்று. அதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படத்தை மட்டும் வைத்துக்கொள்கிறவர், நகலை வைத்துக்கொண்டு மூலத்தை எறிகிறார்.

தஞ்சாவூர் ஓவியத்துக்குப் பழைய பெயர் பலகைப் படம். பலகைமேல் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் கலந்த பூச்சு கொடுத்து, மேடாக வேலை செய்து, கல் பதித்து, தங்கத்தாள் ஒட்டி, வண்ணம் தீட்டுவது. கிருஷ்ணரைச் சுற்றித் தூண், வளைவு, திரைச்சீலை என்று ஒரு மண்டபம் இருக்கும். அதாவது சட்டத்தை ஓவியரே உள்ளே ஒருமுறை செய்துவிட்டார். வெளியே தச்சர் செய்வது இரண்டாவது சட்டம்.

என் அத்தை வீட்டில் அப்படி ஒரு வெண்ணெய்க் கிருஷ்ணர் உண்டு. போன வருடம் அதன் கீழ்ச்சட்டம் செல்லரித்து, தொட்டால் மாவாக உதிர ஆரம்பித்தது. கடைக்காரர் பார்த்துவிட்டு, "இத வச்சிக்கிட்டு என்னம்மா பண்றது? மொத்தமா கழட்டிப் போட்டுட்டு சிந்தெடிக் பிரேம் போட்டுக்கலாம். பூச்சி அண்டாது, துடைச்சா பளிச்சுனு இருக்கும்" என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. பின்பக்கத்துத் தாளைப் பிரித்தபோது உள்ளே ஒரு கடைச் சீட்டு ஒட்டியிருந்தது. கும்பகோணத்துக் கடை. தொலைபேசி எண் மூன்றே இலக்கம். பக்கத்தில் தச்சர் பென்சிலால் எழுதிய அளவு, அங்குலத்தில். அத்தைக்கு அதுவரை அந்தப் படம் எங்கிருந்து வந்தது என்பதே தெரியாது. மாமனார் வீட்டுப் படம், அவ்வளவுதான்.

கடைசியில் கீழ்க்கட்டையை மட்டும் புதுத் தேக்கில் செய்து, மற்ற மூன்றையும் மருந்தடித்து வைத்துக்கொள்வது என்று முடிவானது. அங்கேதான் சண்டை ஆரம்பித்தது. புதுக் கட்டை வெளுப்பாக இருந்தது.

"பாலீஷ் போட்டா தெரியவே தெரியாதும்மா" என்றார் கடைக்காரர்.

"தெரியட்டுமேம்மா, புதுசு புதுசுதானே. எதுக்கு மறைக்கணும்?" என்றார் அத்தை மகன்.

"ஏன்டா, வர்றவங்க பாத்தா கிழிஞ்ச வேட்டில ஒட்டுப் போட்ட மாதிரி இருக்காதா? சாமி படம்டா அது."

இருவருமே சரி. ரோமில் 1939-இல் தொடங்கிய மறுசீரமைப்பு நிறுவனத்தின் முதல் இயக்குநர் சேசரே பிராண்டி வாழ்நாள் முழுக்க யோசித்தது இந்தச் சண்டையைத்தான். ஓவியத்தில் வண்ணம் உதிர்ந்த இடத்தை மெல்லிய செங்குத்துக் கோடுகளால் நிரப்பும் முறை அங்கே உருவானது. தள்ளி நின்றால் படம் முழுசாகத் தெரியும். கிட்டே வந்தால் எது பிற்காலத்துக் கை என்று தெரிந்துவிடும். பார்ப்பவர் கண்ணுக்கும் நியாயம், பழையதற்கும் நியாயம். அத்தை வீட்டில் முன்பக்கம் பாலீஷ் போட்டு, பின்பக்கத்தை வெள்ளைக் கட்டையாகவே விட்டார்கள். அதில் அண்ணன் தேதியை எழுதினார். கடைச்சீட்டைப் பழைய இடத்திலேயே ஒட்டினார்கள். அத்தைக்கு இன்றுவரை முழுத் திருப்தி இல்லை. வெயில் படும்போது நிறம் வேறாகத் தெரிகிறதாம்.

7

நம் பாட்டிகள் பித்தளைக் குடத்தில் பெயர் வெட்டி வைத்தார்கள். யார் கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது என்பது பாத்திரத்திலேயே இருக்கும். பழைய பாத்திரத்தைப் போட்டுப் புதுசு வாங்கும்போது கடைக்காரர் எடைதான் பார்ப்பார். பெயருக்கு எடை கிடையாது. சட்டத்தின் விஷயமும் இதுதான் என்று எனக்குப் படுகிறது. காவல் காக்கும் பொருளாக அதற்கு மாற்று உண்டு. சாட்சியாக மாற்று இல்லை. மாற்றுவது தப்பா என்று கேட்பதைவிட, இந்தச் சட்டம் போனால் இதற்கு மட்டுமே தெரிந்தது எது போகும், அதை வேறெங்காவது எழுதி வைத்தாயிற்றா என்று கேட்பது பயனுள்ளது.

இதற்கு முன்மாதிரி இங்கேயே இருக்கிறது. 10-ஆம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவி பழைய கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாகத் திருப்பிக் கட்டினார். திருக்கோடிக்காவலில் பழைய கட்டடத்தைக் கலைத்தபோது, அதில் சிதறிக் கிடந்த முந்தைய அரசர்களின் கல்வெட்டுகளைப் புதுச் சுவரில் மறுபடி வெட்டிவைக்கச் செய்தார். அந்தப் பிரதிகளில் 'இதுவும் ஒரு பழங்கற்படி' என்று ஒரு குறிப்பும் சேர்த்து வெட்டப்பட்டது. இதுவும் ஒரு பழைய கல்லின் நகல் என்று பொருள். அந்த அரசி பழையதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கவில்லை, மாற்றினார். ஆனால் அது சொல்லிக்கொண்டிருந்ததைக் காப்பாற்றினார். காப்பாற்றியது மூலமில்லை, நகல் என்பதையும் மறைக்கவில்லை. அந்த நிலங்களும் விளக்குகளும் வேறு யாரோ கொடுத்தவை. அந்தக் கொடைகளைத் தன் பெயரில் எழுதிக்கொண்டிருந்தால் கேட்க ஆளில்லை.

ஒரு வீட்டுப் படத்துக்கு இவ்வளவு தேவையா என்று கேட்கலாம். பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். கழற்றுவதற்கு முன் முன்னும் பின்னும் செல்போனில் படம் எடுங்கள். சட்டத்தில் சீட்டோ எழுத்தோ இருந்தால் அந்தப் பகுதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு கட்டை கெட்டிருந்தால் ஒரு கட்டையை மாற்றுங்கள். பலகைப் படமென்றால், பலகையில் நேராக ஆணி அடிக்க வேண்டாம், மரம் ஈரத்துக்கு விரிய இடம் விடுங்கள், கண்ணாடி படத்தைத் தொடாமல் இருக்கட்டும் என்று கடைக்காரரிடம் சொல்லுங்கள். பின்பக்கத்தில் என்ன மாற்றினீர்கள், எப்போது மாற்றினீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். பேனா மை ஊறும், பென்சிலே போதும்.

அதையும் ஒருநாள் யாராவது கழற்றுவார்கள். அவர்களுக்கு நம் சட்டம் பழசாகத் தெரியும், நம் ரசனை சிரிப்பாகவும் இருக்கும். வைத்துக்கொள்வதா எறிவதா என்பது அவர்கள் முடிவு. முடிவெடுப்பதற்கு முன் அவர்கள் படித்துப் பார்க்க ஒரு வரியாவது அங்கே இருக்கும்.